ஒற்றை ஓசை

அத்தா மர்ஹூமானபின் சொத்துகளைப் பங்கு வைத்தபோது, மாருதி 800 வண்டி அம்மாவின் பங்கில் சேர்ந்தது. அதன் மதிப்பு அதிகமில்லை. ஆயினும் கணக்கில் விடக்கூடாதே என்று நானே தாளில் எழுதிச் சேர்த்தேன். அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்டுபவன் நான், உடையவர் அவர். இவ்விவரத்தை முதலிலேயே சொல்லி வைப்பதற்குக் காரணம் உண்டு, பின்னால் விளங்கும்.

1997ஆம் ஆண்டு வாங்கிய வெள்ளை வண்டி அது. 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்ததுமுதல் 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றதுவரை, நம் நாட்டில் எத்தனையோ நடுத்தரக் குடும்பங்கள் 'நம்முடைய கார்' என்று முதன்முதலாக ஏறி அமர்ந்தது இந்த வகை வண்டியில்தான். 796 சி.சி. எஞ்சின், மூன்று சிலிண்டர், பன்னிரண்டு அங்குலச் சக்கரங்கள். எங்கள் பக்கத்துச் சந்துகளில் நுழைந்து திரும்புவதற்கு இதைவிட வாகான வண்டி இல்லை. பதினைந்து ஆண்டு முடிந்ததும் முறைப்படி பதிவைப் புதுப்பித்தோம். ஐந்தாண்டு கழித்து மீண்டும் புதுப்பித்தோம். அத்தா இருந்தவரை வெள்ளிக்கிழமை காலையில் வண்டியைத் தம் கையாலேயே கழுவித் துடைப்பார். அவருக்குப் பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. அவ்வளவு ஒழுங்காக நான் செய்தேன் என்று சொல்வதற்கில்லை.

2018ஆம் ஆண்டின் இறுதியில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. தஞ்சாவூரில் அறுவை செய்து செயற்கை மூட்டு வைத்தார்கள். அதன்பின் மருத்துவரைக் காணவும் உடற்பயிற்சிக்கும் அடிக்கடி தஞ்சாவூர் போக வேண்டியிருந்தது. திருவாரூர்ப் பக்கத்திலிருந்து நீடாமங்கலம், அம்மாப்பேட்டை வழியாக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். மாருதி தாழ்வான வண்டி. இடுப்பு முழங்காலைவிடத் தாழக்கூடாது என்று மருத்துவர் எச்சரித்திருந்ததால், முன் இருக்கையில் கெட்டியான திண்டு ஒன்றைப் போட்டு அதன்மேல் அம்மாவை அமர்த்துவோம். இருக்கையை முடிந்தமட்டும் பின்னுக்குத் தள்ளிவிடுவோம். செருப்பைக் கழற்றிவிட்டு, இரு பாதங்களையும் தரையில் பதித்து அவர் அமர்ந்துகொள்வார்.

2019 கோடையில் அந்த ஓசை தொடங்கியது. வண்டியின் அடியில் எங்கோ, சுத்தியலால் யாரோ ஒருமுறை தட்டினாற்போல் 'டக்' என்று கேட்கும். பிறகு ஒன்றுமிராது. நல்ல சாலையில் பத்து மைல் போனாலும் கேளாது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின் மீது ஏறி இறங்கும்போது கேட்கும். வேகத்தடையில் சில சமயம் கேட்கும், சில சமயம் கேளாது. கேட்கும்போதெல்லாம் அம்மா கதவின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்வார். "வலிக்கிறதா அம்மா?" என்றால், "வலிக்கல தம்பி, பயமா இருக்கு" என்பார். எலும்பு முறிந்த அன்று தமக்குள் கேட்ட சத்தம் அதுபோலவே இருந்தது என்று வெகுநாள் கழித்து என் துணைவியாரிடம் சொன்னாராம். என்னிடம் சொல்லவில்லை.

நான் மொழி கற்பிப்பவன். ஓசைகளுக்கு அரபியில் எத்தனை சொற்கள்! 1038ஆம் ஆண்டில் மறைந்த நைஷாப்பூர் அறிஞர் அபூ மன்ஸூர் அத்தஆலிபீ தம் 'ஃபிக்ஹுல் லுகா'வில் ஓசைகளுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். கதவு கிறீச்சிடுவதும் எழுதுகோல் தாளில் உரசுவதும் ஸரீர். வாளோடு வாள் மோதுவது ஸலீல். ஓடும் நீரின் ஒலி கரீர். இலைகள் அசையும் ஒலி ஹஃபீஃப். உலர்ந்த தோலும் படைக்கலன்களும் குலுங்குவது கஃகஆ. தமிழ் மட்டும் என்ன குறைந்ததா? சலசல, நறநற, கடகட என இரட்டைக்கிளவிகளை அடுக்கிக்கொண்டே போகலாம். அவை இரட்டித்தே வரும், பிரித்தால் பொருள் தராது என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். இவ்வளவும் கற்ற நான் பட்டறையில் போய் நின்று, "வண்டியில ஒரு சத்தம் வருது" என்று மட்டும்தான் சொன்னேன்.

முதலில் போனது நகரத்துப் பட்டறை ஒன்றுக்கு. தலைமைத் தொழிலாளர் வண்டியின் முன்பக்கத்தை இரு கைகளாலும் அழுத்தி விட்டுப் பார்த்தார். அது இரண்டு மூன்று முறை எழும்பி அடங்கியது. "ஷாக் அப்சார்பர் போயிடுச்சு பாய். இருபத்திரண்டு வருஷ வண்டி, போகாம இருக்குமா?" என்றார். அவர் சொன்னது பொய்யன்று. நல்ல ஷாக் அப்சார்பர் உள்ள வண்டி அழுத்தி விட்டால் ஒரே எழுச்சியில் அடங்கிவிட வேண்டும். ஒன்றில் எண்ணெய் கசிந்திருந்ததையும் காட்டினார். இரண்டையும் மாற்ற நாலாயிரத்து இருநூறு ரூபாய் ஆயிற்று. திரும்பி வரும்போது வண்டி அலையாமல் அமைதியாக வந்தது. மகிழ்ச்சியோடு வீட்டுச் சந்தில் திரும்பி, வாசலில் பிரேக்கை மிதித்தேன். டக்.

அன்றிரவே தொலைபேசியில் அப்பட்டறைக்காரரைக் கடிந்துகொண்டேன். நம்பி ஒப்படைத்த பொருளில் மோசம் செய்வது எத்தகையது என்றெல்லாம் பேசினேன். மறுமுனையில் அவர், "வண்டியைக் கொண்டு வாங்க பாய், பார்ப்போம்" என்றாரேயன்றி வேறு பேசவில்லை. நான் கொண்டு போகவில்லை.

பிறகு நானே துப்புத் துலக்கப் புறப்பட்டேன். வண்டிக்குள் தளர்ந்து கிடக்கும் பொருள் ஏதேனும் உருண்டு மோதலாம் அல்லவா? டிக்கியிலிருந்த ஜாக்கியையும் மாற்றுச் சக்கரத்தையும் வெளியே எடுத்தேன். குடை, தண்ணீர்க் குப்பி, கருவிப் பை எல்லாவற்றையும் அகற்றினேன். இருக்கைகளுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன். ஓட்டுநர் இருக்கையின் அடியில் அத்தாவின் மூக்குக் கண்ணாடிக் கூடு கிடைத்தது. உள்ளே கண்ணாடி இல்லை. மடித்த காகிதம் ஒன்று இருந்தது. எந்தெந்தத் தேதியில் எஞ்சின் எண்ணெய் மாற்றினோம் என்று அவருடைய சாய்ந்த கையெழுத்தில் வரிசையாக எழுதியிருந்தார். அம்மாவிடம் கொடுத்தேன். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாத் தேதிகளையும் வாசித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் வந்த காரியம் மட்டும் ஆகவில்லை. காலி வண்டியில் போய்ப் பார்த்தபோதும் அதே டக்.

ஓசை வலப்பக்கச் சக்கரத்திலிருந்து, என் பக்கத்திலிருந்து வருகிறது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அம்மாவோ, "இல்ல தம்பி, என் காலுக்கு அடியில" என்று மெல்லச் சொன்னார். ஒருமுறையன்று, மூன்று நான்கு பயணங்களில் சொன்னார். எழுபத்தெட்டு வயது, அறுவை நடந்த உடம்பு, பயந்த மனம். நான் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரி அம்மா" என்று சொல்லிவிட்டு என் பக்கத்துச் சக்கரத்தையே ஆராய்ந்துகொண்டிருந்தேன். பிரேக் பிடிக்கும்போது வண்டி இடப்பக்கம் சற்றே ஒதுங்குவதும் என் கைகளுக்குத் தெரிந்துதான் இருந்தது. சாலையின் சரிவு என்று அதற்கு ஒரு காரணமும் கற்பித்திருந்தேன்.

துபாயிலிருந்து தம்பி பேசினான். "பழைய இரும்புக்குப் போட்டுட்டு வாடகைக் காரில் போங்க அண்ணே, நான் பணம் அனுப்புறேன்" என்றான். அவன் சொன்னதில் அன்பும் நியாயமும் இருந்தன. எனக்கும் அலுத்துவிட்டது. ஆனால் வண்டி அம்மாவுடையது. அவரைக் கேளாமல் விற்க எனக்கோ அவனுக்கோ உரிமை இல்லை. கேட்டோம். "வித்துருங்க" என்றார் அம்மா. அவ்வளவு விரைவில் அவர் சொன்னதே எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள், விற்பதற்கு முன் ஒருமுறை காட்டிவிடுவோம் என்று பக்கத்துத் தெருவில் புதிதாகப் பட்டறை போட்டிருந்த இளைஞரை அழைத்தேன்.

அந்த இளைஞர் என் பழைய மாணவர். பன்னிரண்டு வயதில் மாலை மக்தபுக்கு என்னிடம் ஓத வந்தவர். பாடம் நடக்கும்போது சன்னலுக்கு வெளியே போகும் வண்டிகளையே கவனித்துக்கொண்டிருப்பார். "உம்முடைய மகனுக்குக் காது இருக்கிறது, செவி இல்லை" என்று அவருடைய தகப்பனாரிடம் ஒருநாள் சொன்னேன். அவரும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் பட்டறைக்குப் போனார். குவைத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியிருந்தார். அந்தச் சொல் அவருக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, வண்டியைக் காட்ட நின்றபோது எனக்கு நினைவுக்கு வந்தது.

அவர் வண்டியைத் தொடவில்லை. கேள்விகள் கேட்டார்.

"ஹஜ்ரத், சத்தம் ஒரு தடவை வருதா, தொடர்ந்து வருதா?"

"ஒரே தடவை."

"கடகடன்னு இல்லையே?"

"இல்லை."

"அப்படின்னா எதுவும் கழன்று ஆடல. ஒரு பாகம் ஓர் இடத்திலேருந்து இன்னோர் இடத்துக்கு நகர்ந்து நிக்குது. எப்ப நகருதுன்னு பார்க்கணும்."

இரட்டைக்கிளவி பாடத்தை என்னிடம் அவர் கேட்டிருக்க வாய்ப்பில்லை. மக்தபில் அது கிடையாது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"எந்தப் பக்கம்?" என்று அடுத்துக் கேட்டார். நான் வாய் திறக்குமுன், வாசலில் நடைவண்டியைப் பிடித்தபடி நின்றிருந்த அம்மா, "என் காலடியில தம்பி" என்றார். அவ்விளைஞர் உடனே செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மா அமரும் இருக்கையில் ஏறி, அவரைப் போலவே இரு பாதங்களையும் தரையில் பதித்துக்கொண்டார். "ஓட்டுங்க ஹஜ்ரத். நான் சொல்றப்ப மட்டும் பிரேக் போடுங்க" என்றார்.

ஆளில்லாத சாலையில் நடை வேகத்தில் போனோம். பிரேக்கை அழுத்தச் சொன்னார். டக். மீண்டும் நகர்ந்தபோது மெல்லியதாக இன்னொன்று. பின்னோக்கிப் போகச் சொல்லிப் பிரேக் பிடிக்கச் சொன்னார், அப்போதும் ஒன்று. அடுத்து, கால் பிரேக்கைத் தொடாமல் கைப்பிரேக்கை மட்டும் இழுக்கச் சொன்னார். வண்டி நின்றது; ஓசை இல்லை. கைப்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். ஆகவே நோய் முன்சக்கரத்தில் என்பது அவருக்கு உறுதியாயிற்று. திருப்பத்தில் முழுக்க ஒடித்துப் போகச் சொன்னார்; ஓசை இல்லை. இருந்திருந்தால் ஆக்ஸில் மூட்டைச் சந்தேகித்திருப்பாராம். கடைசியில், பிரேக்கை இலேசாகத் தொட்டபடியே ஒரு பள்ளத்தில் இறக்கச் சொன்னார். அப்போதும் டக் என்றது. பிரேக் கட்டைதான் தளர்ந்து ஆடுகிறது என்றால், அதை அழுத்திப் பிடித்திருக்கும்போது ஓசை அடங்கியிருக்க வேண்டும். அடங்காததால் அதுவும் இல்லை என்று ஒதுக்கினார். இத்தனைக்கும் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு ஸ்பானரையும் அவர் கையிலெடுக்கவில்லை.

பட்டறையில் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தினார். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் சாக்கு விரித்துப் படுத்தேன்.

இவ்வண்டியின் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலே தாங்குவது, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய் அமைந்த ஒரு தூண். மெக்பெர்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் வழங்கும் அமைப்பு அது. கீழே சக்கரத்தைப் பிடித்திருப்பது லோயர் ஆர்ம் எனப்படும் ஒரேயொரு கை. ஒற்றைக் கை ஆதலால், சக்கரம் பக்கவாட்டில் விலகாமல் அது காக்குமேயன்றி, முன்னும் பின்னும் நகராமல் தடுக்க அதனால் தனியே இயலாது. அந்த வேலையைச் செய்வது வண்டியின் முன்பக்கம் குறுக்காக ஓடும் ஸ்டெபிலைசர் பார் என்னும் வளைந்த இரும்புக் கம்பி. அதன் இரு முனைகளும் இரண்டு கைகளையும் துளைத்து நுழைந்து மரையால் முடுக்கப்பட்டிருக்கும். இரும்பும் இரும்பும் தொடாதபடி நடுவே ரப்பர் புஷ் இருக்கும். திருப்பங்களில் வண்டி ஒருபுறம் சாயாமல் காப்பதும் இதே கம்பிதான். சிக்கனமான அமைப்பு, ஒரு கம்பிக்கு இரண்டு வேலை.

இடப்பக்கத்துக் கைக்கும் சட்டத்துக்கும் இடையே நீண்ட இரும்பு நெம்புகோலைக் கொடுத்து அவர் நெம்பினார். கை அரை விரற்கடை பின்னே போயிற்று. டக். விட்டதும் முன்னே வந்தது. மீண்டும் டக். இத்தனை மாதம் எங்களை அலைக்கழித்த ஓசை என் முகத்துக்கு எதிரே, ஒரு முழத் தூரத்தில் கேட்டது. புஷ் இருந்த இடத்தில் ரப்பர் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. விரலால் தொட்டதும் கறுப்புத் தூளாக உதிர்ந்தது. பிரேக் பிடித்தால் சக்கரம் பின்னே தள்ளப்பட்டுக் கம்பியின் முனை துளையின் விளிம்பில் ஒருமுறை மோதும், அங்கேயே நிற்கும். நகர்த்தினால் எஞ்சின் சக்கரத்தை முன்னே இழுக்க மறுவிளிம்பில் மோதும். தண்டவாளத்தில் ஏறும்போதும் சக்கரம் அவ்வாறே பின்னே உதைக்கப்படுகிறது. ஓசை ஏன் ஒற்றையாகவே வந்தது என்பது விளங்கிற்று.

"அப்படியானால் எனக்கு ஏன் வலப்பக்கம் கேட்டது?" என்றேன்.

"கம்பி இந்தப் பக்கத்திலேருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஓடுது ஹஜ்ரத். தகரம் முழுக்கச் சத்தத்தைக் கொண்டு போகும். காதை நம்ப முடியாது. அதிர்ச்சி வர்ற இடத்துல கால் இருந்தா தெரிஞ்சிரும்" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "பிரேக் போட்டா இடப்பக்கம் இழுத்திருக்குமே?" என்றார். ஆம் என்றேன். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பின்னே போனால் அதன் நேர்மை மாறி, வண்டி அப்பக்கம் திரும்பப் பார்க்குமாம். இன்னும் சில மாதம் இப்படியே ஓட்டியிருந்து, விரைவாகப் போகும்போது திடீரென்று பிரேக் அடிக்க நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் சொல்லாமலே விட்டுவிட்டார். அந்தப் பக்கம் அமர்பவர் யார் என்பது அவருக்குத் தெரியும்.

புஷ்களை இரு பக்கமும் மாற்றினார். லோயர் ஆர்மின் உள்முனைப் புஷ்ஷும் வெடித்திருந்ததால் அதையும் மாற்றினார். ஒன்றைக் கவனித்தேன்: அந்த உள்முனைப் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் அவர் முழுக்க முடுக்கவில்லை. வண்டியை இறக்கி, அதன் எடை சக்கரங்களின் மேல் அமர்ந்தபிறகே கீழே புகுந்து இறுதியாக முடுக்கினார். காரணம் கேட்டேன். தொங்கும் நிலையில் முடுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து விரைவில் கிழிந்துவிடுமாம். கம்பி முனையின் மரைக்குப் புதிய பின் செருகி வளைத்துவிட்டார். புஷ்களின் விலை, நாலு பேர் சிற்றுண்டிக் கடைக்குப் போய் வரும் செலவுக்குக்கூட எட்டவில்லை. கூலியை நான் கேட்டதற்கு அவர் வாங்க மறுத்தார். உழைப்பின் கூலியை மறுக்கக்கூடாது என்று வற்புறுத்திக் கையில் வைத்தேன். பழைய பேச்சு நாவின் நுனிவரை வந்தது. "அன்று உன் தகப்பனாரிடம் நான் ஒன்று சொன்னேன்..." என்று தொடங்கினேன். அவர் குனிந்து கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, "ஹஜ்ரத், இடது டயர் உள்பக்கம் தேய்ஞ்சிருக்கு, வீல் அலைன்மென்ட் பார்த்துருங்க" என்றார். நான் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுவாரம் நகரத்துப் பட்டறைக்கும் போனேன். அவர் மாற்றிய ஷாக் அப்சார்பர்கள் உண்மையில் மாற்ற வேண்டியவையே. எண்ணெய் கசிந்ததை நானே பார்த்தேன். இரண்டு நோய் இருந்த உடம்பில் ஒன்றைத் தீர்த்தவரை, மற்றதைத் தீர்க்கவில்லை என்பதற்காக மோசக்காரர் என்றேன். என் சொல்லுக்கு வருந்துகிறேன் என்றபோது, அவர் என்னை அடையாளம் கண்டுகொள்ளவே சிறிது நேரம் ஆயிற்று. "ஓ, வெள்ளை மாருதியா? சத்தம் எதுல இருந்துச்சு பாய்?" என்று ஆர்வத்தோடு கேட்டார். சொன்னேன். தம் ஆள் ஒருவரை அழைத்து என்னை மறுபடியும் சொல்லச் சொன்னார்.

அடுத்த தஞ்சாவூர்ப் பயணத்தில் நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது. ரயில் போனபின் திறந்தார்கள். தண்டவாளத்தை நெருங்கும்போது அம்மா வழக்கம்போல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். ஏறினோம், இறங்கினோம். ஒன்றுமில்லை. அம்மாப்பேட்டை வரும்வரை அவர் கையை எடுக்கவில்லை. பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"விக்க வேணாம் தம்பி" என்றார்.

"சரி அம்மா."

சிறிது தூரம் போனதும், "பின்னால ஏதோ கிரீச்சுங்குதே, கேக்குதா?" என்றார்.

எனக்குக் கேட்கவில்லை. ஆனாலும் எந்தப் பக்கம் என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.